தண்ணீர் போகும் வழியே ஒரு சைக்கிள் பிரயாணம்

திருச்சியிலிருந்து கோடிக்கரை வரை

சோழ நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? ஒரு காரை அமர்த்திக் கொள்கிறார்கள். காலையில் தஞ்சைப் பெரிய கோயில், மத்தியானம் தாராசுரம், சாயங்காலம் கும்பகோணத்தில் காப்பி. ராத்திரி வீடு திரும்பியதும், "சோழ நாட்டைப் பார்த்துவிட்டோம்" என்று சொல்லிக் கொள்கிறார்கள். அவர்கள் பார்த்தது மூன்று கோயில்களை, நாட்டை அல்ல. கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கிறதே ஆறு, வாய்க்கால், வயல், களத்துமேடு, மூங்கில் கொத்து, வாத்துக் கூட்டம், அதுதான் நாடு. அதைப் பார்க்க வேண்டுமானால் வேகம் குறைய வேண்டும். நடந்து போகலாம், ஆனால் அதற்கு லீவு போதாது. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் நமது பழைய சிநேகிதன் சைக்கிள்!

சென்ற தை மாதம், பொங்கல் கழிந்த கையோடு, நானும் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் என் நண்பர் ஒருவரும் திருச்சியில் சைக்கிள் ஏறினோம். ஐந்தாம் நாள் கோடிக்கரையில் இறங்கினோம். வளைந்தும் நெளிந்தும் போன வழி மொத்தம் சுமார் 220 கிலோமீட்டர். வழியைத் தேர்ந்தெடுக்க நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. காவிரித் தண்ணீர் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் போவது என்று தீர்மானித்தோம். 1930ஆம் ஆண்டில் ராஜாஜியும் அவருடைய தொண்டர்களும் உப்பு எடுக்க நடந்து போனதும் ஏறக்குறைய இதே வழிதான்.

ஏழை மனிதனின் குதிரை

சைக்கிள் என்றதும் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு வார்த்தை. பின் சக்கரத்தைச் சங்கிலியால் ஓட்டும் இன்றைய மாதிரி சைக்கிளை 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் செய்து காட்டினார். மூன்று வருஷம் கழித்து டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். அன்றிலிருந்து இன்று வரை மனிதன் தன் காலால் ஓட்டும் வாகனத்தில் இதைவிடச் சிக்கனமானது வரவில்லை. ஒரு மைல் நடப்பதற்கு ஆகும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கைக் கொண்டு சைக்கிளில் அதே தூரத்தைக் கடந்துவிடலாம்.

அந்தக் கால் பங்குச் சக்தியை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றியவர்கள் இருக்கிறார்கள். 1923ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். அவர்களில் மூன்று பேர் பாலைவனங்களையும் மலைகளையும் தாண்டி 1928இல் ஊர் வந்து சேர்ந்தார்கள். கல்லணையிலிருந்து கடல் வரை ஒரு மேடுகூட இல்லாத தஞ்சைத் தரணியைச் சுற்றுவதற்கு நாம் யோசிக்கலாமா?

பெண்களுக்கு இது எப்படி முடியும் என்று கேட்கிறவர்கள் பக்கத்து ஜில்லாவான புதுக்கோட்டையைக் கேட்கட்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. குவாரியில் கல் உடைத்தவர்களும் வயலில் நாற்று நட்டவர்களும் முதல் தடவையாகத் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். இன்று டெல்டாக் கிராமங்களில் காலை எட்டரை மணிக்குச் சாலையில் நின்று பாருங்கள். பின்னலும் புத்தகப் பையுமாக வரிசை வரிசையாகப் பெண் குழந்தைகள், எல்லாரும் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில்!

கல்லணையில் காலை நேரம்

திருச்சியிலிருந்து சர்க்கார்பாளையம் வழியாகக் காவிரிக் கரையை ஒட்டியே கல்லணைக்குச் சாலை போகிறது. பொழுது விடியும்போது கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் அணைக்கு வந்துவிடலாம். வாழைத் தோட்டங்களின் நடுவே பனி விலகுவதைப் பார்த்துக்கொண்டே மிதிக்கும்போது, இருபது கிலோமீட்டர் போனதே தெரிவதில்லை.

கல்லணை சுமார் 1,080 அடி நீளம். கரிகாலன் கட்டியது என்பது நம் நாட்டின் நெடுநாளைய நம்பிக்கை. ஆற்று மணலில் பெரும் பாறைகளைப் போட்டு, அவை தாமாக அமிழ்ந்து நிலைகொள்ள விட்டு, அவற்றின்மேல் களிமண் சேர்த்துக் கல் அடுக்கிய வேலை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் பரிசோதித்த ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார இஞ்சினீயர், மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை நம்மவர்களிடம்தான் கற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். 1836இல் அவர் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கினார். அந்த மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. கரிகாலன் அணை நிற்கிறது.

கல்லணையில் தண்ணீர் நான்காகப் பிரிகிறது. காவிரி ஒன்று, வெண்ணாறு ஒன்று, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய் ஒன்று. வெள்ளம் மிஞ்சினால் வடிந்தோடக் கொள்ளிடம். இந்தப் பாலத்தின்மேல் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். தண்ணீர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இந்த இரைச்சலை மனத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். நான்கு நாள் கழித்து இதே தண்ணீரை வேறொரு கோலத்தில் பார்க்கப் போகிறோம்.

ஐயாறும் தஞ்சையும்

அங்கிருந்து கோயிலடி. பெருமாளுக்குத் தினமும் அப்பம் நைவேத்தியம் ஆகும் திவ்ய தேசம். பிறகு திருக்காட்டுப்பள்ளி; அதனருகே காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் அறுவடைக்கு நின்ற சம்பா வயல். எதிரே வாடைக் காற்று. தை மாதத்தில் கிழக்கே போகிறவர்களுக்கு இந்தக் காற்று ஒரு கடன்காரன் மாதிரி. விடாமல் முகத்துக்கு நேரே நிற்கும். ஆடி மாதத்தில் போனால் மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். ஆனால் வெயில் வாட்டும். வெயிலா, காற்றா என்று கேட்டால் காற்றே மேல் என்பது எங்கள் கட்சி.

இருட்டுவதற்குள் திருவையாறு. தியாகராஜ சுவாமிகள் 1847இல் சமாதியடைந்த காவிரிக் கரை. அந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற மாதரசி. ஆராதனைக்குப் பந்தல் போட்டுக் கொண்டிருந்தார்கள். கரையில் உட்கார்ந்து, வாழை இலையில் அசோகா அல்வா வாங்கித் தின்றோம். நாள் முழுவதும் சைக்கிள் மிதித்தவனுக்கு அல்வாவின் ருசியே தனி.

மறுநாள் காலை தஞ்சாவூர். பெரிய கோயிலைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல இருக்கிறது? 1010ஆம் ஆண்டில் ராஜராஜன் குடமுழுக்குச் செய்த கோயில். விமானத்தின் உயரம் 216 அடி. இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம். ஆனால் சைக்கிளில் வருகிறவனுக்கு ஒரு விஷயம் கூடுதலாகப் புரியும். திருவையாற்றிலிருந்து தஞ்சைக்குள் ஐந்து ஆற்றுப் பாலங்களைத் தாண்டி வருகிறோம்: காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறு! இத்தனை தண்ணீர் இருந்ததால் இத்தனை நெல் விளைந்தது. இத்தனை நெல் விளைந்ததால் அத்தனை பெரிய கோபுரம் எழுந்தது. காரில் வருகிறவனுக்கு ஐந்து பாலமும் ஐந்து குலுக்கல், அவ்வளவுதான்.

கல் தேரும் நெற்களஞ்சியமும்

தஞ்சையிலிருந்து கும்பகோணத்துக்கு நாற்பது கிலோமீட்டர். பெரிய சாலையில் லாரிகளின் ஆதிக்கம் அதிகம். அதனால் இயன்ற இடங்களில் கிராமத்துச் சாலைகளில் ஒதுங்கிப் போனோம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. வட்டமாகச் செங்கல்லால் கட்டிக் கூம்பாக முடித்திருக்கிறார்கள். கோயில் பார்க்க வருகிறவர்களில் எத்தனை பேர் இதை எட்டிப் பார்க்கிறார்கள் என்பது சந்தேகம். சோறு போட்ட கட்டடத்துக்கும் ஒரு கும்பிடு போட வேண்டாமா?

தாராசுரத்தில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். அங்கே முன் மண்டபத்தையே தேராகச் செய்து, பக்கவாட்டில் கல் சக்கரங்களும் பாயும் குதிரைகளும் அமைத்திருக்கிறான் சிற்பி. ஆரக்கால்களை நண்பர் எண்ணிக்கொண்டே நின்றார். "எட்டு நூறு வருஷமாக ஒரு பஞ்சர்கூட இல்லை" என்றார். அன்று காலையில்தான் அவருடைய பின் டயரில் கருவேல முள் ஏறியிருந்தது.

கும்பகோணத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மகாமகம் நடக்கும் குளம், கொழுந்து வெற்றிலை, பாத்திரக் கடைகளின் டங்கு டங்கு ஓசை, சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த ஓட்டு வீடு. அந்த வீட்டின் திண்ணை எவ்வளவு சிறியது என்று பார்த்தால், மூளைக்கு இடவசதி அவசியமில்லை என்பது விளங்கும்.

சோறு கொடுத்த குற்றம்

கும்பகோணத்திலிருந்து தெற்கே திரும்பினால் வலங்கைமான். வெள்ளி நாக்கு சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஊர். பிறகு நீடாமங்கலம், மன்னார்குடி. இந்த வழியில்தான் 1930இல் அந்த நடைப் பயணம் போயிற்று.

ஜாலியன்வாலா பாக் நினைவு நாளான ஏப்ரல் 13 அன்று, திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் கால்நடையாகப் புறப்பட்டார்கள். வேதாரண்யம் வரை 150 மைல், 15 நாள், சித்திரை வெயில். தஞ்சை கலெக்டராக இருந்த தார்ன் துரை, இவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைக்கும் என்று ஊர் ஊராக அறிவிக்கச் செய்தார். கும்பகோணத்தில் அப்படி உபசாரம் செய்த பந்துலு ஐயர் சிறை சென்றார். ஆனாலும் யாத்திரை ஓரிடத்திலும் பட்டினியால் நிற்கவில்லை. போலீஸ் கண்ணில் படாமல் வழியோர மரங்களில் சோற்று மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லிக் கொள்கிறார்கள்.

சைக்கிளில் போகும்போது இந்தக் கதை வேறு விதமாக உறைக்கிறது. நிழலுக்கு நிழல் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டு போகிற நமக்கே தொடை வலிக்கிறது. அவர்களோ நடந்தார்கள். போகிற ஊரில் சோறு கிடைக்குமா என்று தெரியாமல் நடந்தார்கள். சோறு போட்ட குடியானவனோ, நாளை தன் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று தெரிந்தே போட்டான். இதில் யார் பெரியவர் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

கடைமடையில் ஒரு பெரியவர்

நீடாமங்கலத்துக்கருகே மூணாறு தலைப்பு. கல்லணையில் பிரிந்து வந்த வெண்ணாறு இங்கே மறுபடியும் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. மன்னார்குடியில் 154 அடி ராஜகோபுரத்தையும், 23 ஏக்கரில் விரிந்த ஹரித்ராநதித் தெப்பக்குளத்தையும் பார்த்துவிட்டுத் திருத்துறைப்பூண்டிச் சாலையைப் பிடித்தோம். ஆறு வாய்க்காலாகிறது. வாய்க்கால் கன்னியாகிறது. கன்னி வரப்போரத்தில் ஒரு கோடாகிறது. கல்லணையில் காதை அடைத்த தண்ணீர் இங்கே சத்தமே இல்லாமல் ஊர்கிறது.

திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு மதகடியில் பெரியவர் ஒருவர் மண்வெட்டியும் கையுமாக நின்றிருந்தார். சைக்கிளை நிறுத்தி, "என்னங்கய்யா, தண்ணி வருதா?" என்று கேட்டேன்.

"வந்துக்கிட்டுத்தான் இருக்கு தம்பி. முறை வச்சு விடுறாங்க. எங்க முறை வர்றதுக்குள்ள மேட்டூரைச் சாத்திடுவாங்களோன்னுதான் கவலை" என்றார்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறப்பார்கள். ஜனவரி 28ஆம் தேதி மூடுவார்கள். அதற்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அவருடைய பயிர் பால் பிடித்து நின்றது. தாமதமாக நட்ட பயிர்; இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் கதிர் முற்றிவிடும்; பாயாவிட்டால் பதர்.

"போர் போட்டு இறைக்கக் கூடாதா?" என்று வாத்தியார் கேட்டார்.

"மேலே உள்ளவங்க போடலாம் தம்பி. இங்கே போட்டா உப்புத் தண்ணிதான் வரும். கடல் எட்டிப் பார்த்துக்கிட்டு நிக்குதே!" என்று கிழக்கே கையைக் காட்டினார்.

அதுதான் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது இங்கே. மழை மிஞ்சினால் முதலில் மூழ்குவதும் இங்கே. 2012 முதல் தொடர்ந்து எட்டு வருஷம் ஜூன் 12இல் மேட்டூரைத் திறக்க முடியவில்லை. 2020இல்தான் மறுபடியும் அந்தத் தேதியில் திறந்தார்கள். அதே ஆண்டு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் செய்தார்கள். நிலத்தைச் சட்டம் காப்பாற்றலாம். தண்ணீரை மேலே உள்ளவர்கள் மனம் வைத்து அனுப்ப வேண்டும். நாங்கள் விடைபெற்றபோது பெரியவர் மதகில் சிக்கியிருந்த ஆகாயத் தாமரையை வாரிக் கரையில் போட்டுக் கொண்டிருந்தார். வருகிற தண்ணீர் தங்கு தடையின்றி வரட்டும் என்று.

இந்த மண்ணில்தான், உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் பழைய நெல் ரகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார் நெல் ஜெயராமன். 170க்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டு, விதையாகக் குடியானவர்களுக்குக் கொடுத்துவிட்டு 2018 டிசம்பரில் காலமானார்.

உப்பும் காடும்

வேதாரண்யத்தை நெருங்க நெருங்க மண் வெளுக்கிறது. ஊர்ப் பெயர்கள் ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் என்று 'புலம்' ஆகின்றன. மாந்தோப்பும் சவுக்கும் தென்னையுமாக இருந்த சீமை இது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியது. அன்று சாய்ந்த தென்னைகளின் இடத்தில் நட்ட கன்றுகள் இப்போது தலைதூக்கி நிற்கின்றன. பலன் கொடுத்த மரம் போனால் கன்று வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைத் தோப்புக்குத் தோப்பு பார்க்கலாம்.

அகஸ்தியம்பள்ளியில் உப்பளங்கள். ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதான இடத்தில் ஒரு நினைவு ஸ்தூபி நிற்கிறது. அவருக்கு ஆறு மாதச் சிறை. யாத்திரைக்கு இடம் கொடுத்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார், சொத்தையும் இழந்தார். விடுதலைக்குப் பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை. 1946இல் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை இங்கே ஏற்படுத்தினார்.

அங்கிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டரில் கோடிக்கரை. "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்குப் பூங்குழலியின் ஊர். கல்கி வருணித்த காடு கற்பனையல்ல. கடலை ஒட்டி, மலையும் அருவியும் இல்லாமல், எப்போதும் பசுமையாக நிற்கும் இந்த மாதிரிக் காடு நம் கரையில் அபூர்வம். உலக்கைப்பாலை மரங்கள் குட்டையாகவும் உறுதியாகவும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. வெளிமான்களுக்காக 1967இல் இதைச் சரணாலயமாக்கினார்கள். 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பறவை அறிஞர் சாலிம் அலி பலமுறை வந்து, பறவைகளின் காலில் வளையம் மாட்டி அவற்றின் வழித்தடத்தை ஆராய்ந்த இடம் இது.

வனத்துறையினரிடம் அனுமதி பெற்று உள்ளே போனோம். சைக்கிளின் மகிமை காட்டில்தான் தெரிகிறது. சத்தம் கிடையாது, புகை கிடையாது. புல்வெளியில் திருகிய கொம்போடு ஒரு கருநிறக் கலைமான் தலை நிமிர்ந்து எங்களைப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தொடங்கியது. அப்பால் சேற்று வெளியில் பூநாரைகள், இளஞ்சிவப்புக் கோடு இழுத்தாற்போல. ஆனால் அந்தப் புல்வெளியில் ஓரங்களிலிருந்து சீமைக் கருவேல் முன்னேறி வருகிறது. திறந்த வெளி இல்லாவிட்டால் ஓடிப் பிழைக்கும் வெளிமானுக்கு வாழ்வில்லை. கருவேலை வேரோடு பிடுங்குவது வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை.

போக விரும்புவோருக்கு

விலையுயர்ந்த வண்டி வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சாதாரண சைக்கிளே போதும். கிளம்புமுன் பிரேக் கட்டை, சங்கிலி, ஆரக்கால் மூன்றையும் கடைக்காரரிடம் காட்டி முறுக்கிக் கொள்ளுங்கள். ஒரு டியூப், ஒட்டுப் போடும் சாமான், சின்னப் பம்பு, நல்ல விளக்கு, இரண்டு சொக்காய், ஒரு துண்டு, இவ்வளவே மூட்டை. காலை பத்து மணிக்குள் பாதித் தூரத்தை முடித்துவிடுங்கள். இருட்டிய பின் பெரிய சாலையில் ஏறாதீர்கள். தை, மாசி உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் புயலும் மழையும்.

இன்னொரு விஷயம், சீக்கிரம் போங்கள். நெடுஞ்சாலைகள் அகலமாகும்போது நிழல் கொடுத்த புளியமரங்கள் பல இடங்களில் வெட்டுண்டு போயின. ஆற்றங்கரைச் சாலைகளில் இன்னும் நிழல் இருக்கிறது. அவற்றில் நடக்கிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் இருக்கும்வரைதான் அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். ஆளில்லாத சாலைக்கு வக்கீல் கிடையாது.

பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். தட்டில் விழும் சோறு எந்த மதகைத் தாண்டி, எத்தனை முறைக்குக் காத்திருந்து, யாருடைய கவலையைக் கடந்து வருகிறது என்பதைக் கல்லணையிலிருந்து கடைமடை வரை மிதித்துப் பார்த்த பிள்ளை ஒருநாளும் மறக்காது.